பின்னறைக் கணப்பு

சுபானு வருஷம், கார்த்திகை 22

காலையில் மூடுபனி. கிணறு தெரியவில்லை. துணி துவைத்தும் காயப்போட வழியில்லை.

அவர் காட்டுச் சுற்றுக்குப் போய்விட்டார். காட்டிலாகாவில் கார்டு வேலை, வர மூன்று நாள். அவருடைய பழைய சுற்று நோட்டில் பின்பக்கம் கொஞ்சம் தாள் காலி. இதில் எழுதுகிறேன். யுத்தத்தில் தாள் கிடைப்பதில்லை.

வத்தல்மலைக்கு வந்து இது இரண்டாவது குளிர்.

பொன்னி விறகு கொண்டுவந்து போட்டாள். மேல் ஊர்க்காரி, சடையன் பெண்சாதி. இருபது வயது இருக்கும். எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு பெற்றாள். இரண்டும் மார்கழியில் பிறந்து மார்கழியிலேயே போயின. ஒன்று நாலு நாள், ஒன்று ஆறு நாள். சந்தை விலை சொல்வதுபோல் சொன்னாள்.

"இதுவும் குளிர்லயே வந்துருமாட்டம் இருக்குதுங்க, கார்டம்மா."

ஒரு முறம் ராகி கொடுத்தேன். போய்விட்டாள்.

மதியம் களி. கீரை இல்லை.

கார்த்திகை 23

பனி. காது வலி.

பின்னறையைத் திறந்தேன். தை மாதத்துக்குப் பிறகு இன்றுதான். தூளி கட்டின கயிறு இன்னும் உத்தரத்தில். அவிழ்த்தேன். எலிப் புழுக்கை, சிலந்தி. பெருக்கினேன்.

இந்த அறையில்தான். பெண் குழந்தை. பதினோரு நாள். குளிர் கண்டுவிட்டது என்றார்கள். நானும் அப்படியே எல்லோருக்கும் சொன்னேன். அவருக்கு, தங்கைக்கு எழுதின கடிதத்தில், கிணற்றடியில் கேட்டவர்களுக்கு. அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை. பெருக்கி முடித்ததும் பசித்தது.

அறை நல்ல அறை. கல் சுவர், ஓட்டுக்கூரை. மேல் ஊரில் எல்லாம் புல் வேய்ந்த குடிசை. உள்ளே நெருப்பு வைத்தால் கூரை பற்றும், வைக்காவிட்டால் குளிர். வைத்தால் புகை வேறு.

கார்த்திகை 25

அவர் வந்தார். காலில் முள். எடுத்தேன்.

சொன்னேன். பின்னறையில் ஒரு கணப்பு கட்ட வேண்டும், பொன்னி இங்கே வந்து பெறட்டும் என்று. அவர் முள் தைத்த இடத்தைத் தடவினார். பிறகு வடக்குச் சுவரைப் பார்த்தார். சர்க்கார் சுவர், ஓட்டை போட்டால் ரேஞ்சர் வந்து கேட்பார் என்றார். கேட்டால் நான் போட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

கார்த்திகை 26

யோசனை இதுதான். அப்பா நல்லம்பள்ளிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலை அடுப்பு கட்டுகிறவர். நெருப்பு ஒரு முனையில், புகைக்கூண்டு மறுமுனையில், நடுவில் சூடு தரைக்குள் ஓடும். அந்தத் தரைமேல் பனிக்காலத்தில் நாய் படுத்திருக்கும். நாங்களும் படுத்திருக்கிறோம். அதையே சின்னதாக.

வேண்டியவை:
தார்ப் பீப்பாய் 1 (வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. தொப்பூர் ரோடு வேலையில் மிஞ்சியது, முன்னிருந்த கார்டு தண்ணீர் பிடிக்கக் கொண்டுவந்தது, இப்போது ஓட்டை)
பானை 3, அடி தட்டினது
மண்ணெண்ணெய் டின் 5 அல்லது 6
பலகைக் கல்
புற்று மண், சாணி, ராகி உமி, சாம்பல்

டின் கிடைப்பதுதான் கஷ்டம். மண்ணெண்ணெயே வருவதில்லை.

கார்த்திகை 28

வெயில் கொஞ்சம். பீப்பாயை முற்றத்தில் கவிழ்த்து உள்ளே தீ வைத்துத் தாரை எரித்தேன். கரும்புகை. மேல் ஊரிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து பார்த்தார்கள், காடு பற்றிக்கொண்டதோ என்று. சடையன் ஒருவன். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதற்கு என்று கேட்டான். சொன்னேன்.

போய்விட்டான்.

கார்த்திகை 29

காலையில் வாசலில் பலகைக் கல் எட்டு. ஓடையிலிருந்து சுமந்து வந்திருக்கிறான் சடையன். ஆளைக் காணோம்.

கார்த்திகை 30

பானைகளின் அடியைத் தட்டி ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினேன். உள்ளே நெருப்பு நேராக மேலே ஏற. சுற்றி டின் தகடு (மேல் ஊரில் தேடி நாலு டின் கிடைத்தது), இடையில் சாம்பல் அடைத்தேன், சூடு பக்கத்தில் கசியாமல் இருக்க. அதன்மேல் பீப்பாயைக் கவிழ்த்தேன். மேலே போன சூடு பீப்பாயின் அடியில் முட்டிக் கீழே இறங்கும். இறங்கி மண்மேடைக்குள் போகிற சுரங்கத்தில் நுழையும். மேடை முழுக்க ஓடி, சுவர் ஓட்டை வழியாக வெளிக்குழாய்க்குப் போகும். மேடைமேல் தாயும் பிள்ளையும்.

அவர் கடப்பாரையால் சுவரில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. ஒரு கல் பெயர்ந்ததும் "போதுமா" என்றார். போதும் என்றேன்.

கை முழுக்க வெடிப்பு. விளக்கெண்ணெய்.

மார்கழி 2

மேடை கட்டி முடிந்தது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், முழங்கால் உயரம். பொன்னி மண் மிதிக்க வந்தாள். வேண்டாம் என்று உட்கார வைத்தேன். உட்கார்ந்து உமி அள்ளிப் போட்டாள்.

முதல் பற்றவைப்பு. உண்ணிமுள் குச்சி, காய்ந்தது. பற்றியது. உடனே அத்தனை புகையும் அடுப்பு வாய் வழியாகவே திரும்ப வந்தது. இருவரும் வெளியே ஓடினோம். பொன்னிக்கு இருமல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பயமாக இருந்தது என்று எழுத வேண்டும். இருந்ததா என்று தெரியவில்லை.

அடுப்பு புகைந்தால் நெருப்பைப் பார்க்காதே, புகை போகிற வழியைப் பார் என்பார் அப்பா.

மார்கழி 3

பீப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். மேல் பானையின் வாய்க்கும் பீப்பாயின் அடிக்கும் நடுவில் ஒரு விரல்தான் இடம். நெருப்பு எப்படித் திரும்பும். பானை வாயைக் கல்லால் கொத்திக் குறைத்தேன். இப்போது நாலு விரல்.

இரண்டாம் பற்றவைப்பு. உள்ளே இழுத்தது. கால் மணி நேரம் சரியாக இருந்தது. அப்புறம் காற்று வந்ததும் பழையபடி புகை.

அவர் வெளியே நின்று பார்த்துச் சொன்னார், மேட்டிலிருந்து இறங்குகிற காற்று கூரையில் மோதிக் குழாய் வாய்க்குள் விழுகிறது என்று. குழாய் கூரை முகட்டுக்கு மேலே போக வேண்டும். டின் இரண்டு குறைகிறது.

மார்கழி 5

டின் கிடைத்தது. நல்லம்பள்ளி டீக்கடையில். அவர் மலை இறங்கிப் போய் வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு வந்தார். கூட ஒரு சீப்பு வாழைப்பழம். யாருக்கு என்று சொல்லவில்லை. பொன்னிக்குக் கொடுத்தேன்.

குழாய் முகட்டுக்குமேல் இரண்டு முழம். மேலே தொப்பி மாதிரி ஒரு தகடு. மூங்கில் முட்டு கொடுத்துக் கட்டினது சடையன்.

மூன்றாம் பற்றவைப்பு நாளை.

மார்கழி 6

குழாய் குளிர்ந்து கிடந்தால் இழுக்கவில்லை. ஈர மேடைக்குள் போகிற சூடு வழியிலேயே செத்துவிடுகிறது. எனவே குழாயின் அடியில் ஒரு சின்ன வாய் வைத்தேன், கல்லால் மூடிக்கொள்ளலாம். முதலில் அங்கே ஒரு பிடி வைக்கோல் கொளுத்த வேண்டும். குழாய் சூடாகி இழுக்க ஆரம்பித்ததும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

செய்தேன். இழுத்தது. உள்ளே காற்று ஓடுகிற சத்தம், மாவு எந்திரம் தூரத்தில் ஓடுவதுபோல். புகை ஒரு பொட்டுகூட அறையில் இல்லை. வெளியே குழாயிலும் புகை இல்லை, வெள்ளை ஆவி மட்டும். பீப்பாயில் கை வைக்க முடியவில்லை.

ஒரு கை விறகுதான் போயிற்று.

ஆனால் மேடை ஈரம். சில்லென்று இருக்கிறது. முழுக்கக் காய இருபது நாள் ஆகும். பொன்னிக்கு அவ்வளவு நாள் இருக்குமா?

மார்கழி 8

தூறல். இதை எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து. எழுதுகிறேன்.

நேற்று. மேடை சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பை எரித்ததோடு, இரண்டு சட்டியில் தணல் அள்ளி மேடைமேல் வைத்தேன். சாரல் அடித்ததால் கதவைச் சாத்தினேன், சன்னலையும். உட்கார்ந்து மேடையில் விட்ட வெடிப்புகளைப் பூசிக்கொண்டிருந்தேன். புகையே இல்லை. தணல் சிவப்பாக அழகாக இருந்தது. தலை வலித்தது. பிறகு கால் சொன்னபடி கேட்கவில்லை. எழ நினைத்தேன், எழவில்லை. எழாவிட்டால் என்ன என்று இருந்தது.

பொன்னி விறகோடு வந்து கதவைத் திறந்திருக்கிறாள். அந்த வயிற்றோடு என்னை முற்றத்துக்கு இழுத்துப் போட்டாள். தூறலில் கிடந்தேன். வாந்தி.

"தணல வெச்சிக்கினு கதவ சாத்துவாங்களா? சாராயம் குடிச்ச மாட்டம் கெடந்தீங்களே" என்றாள்.

தலைவலி. வாந்தி. கால் விழுந்து போவது.

போன தை மாதம் அந்தக் காலையிலும் இதே தலைவலி. இதே வாந்தி. பிள்ளை போன துக்கம் என்றார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் குழந்தைக்குக் குளிருமே என்று தூளிக்குக் கீழே தணல் சட்டி வைத்தேன். கதவு சாத்தினேன். சன்னலை மூடினது நினைவில்லை. காலையில் மூடியிருந்தது. நான்தான் மூடியிருப்பேன்.

குளிர் இல்லை. குளிர் கண்டு போகவில்லை.

மழை விடவில்லை. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

மார்கழி 9

சட்டி இரண்டையும் உடைத்துப் போட்டேன். அவர் கேட்கவில்லை. வழக்கம்போல் எழுந்து வழக்கம்போல் சமைத்தேன். உப்பு இரண்டு தரம் போட்டிருக்கிறேன். அவர் சாப்பிட்டார்.

கணப்பை நிறுத்திவிடலாமா என்று இருந்தது. உட்கார்ந்து யோசித்தேன். அடுப்பில் எரிவது குழாயில் வெளியே போகிறது. சட்டியில் எரிவது அறையிலேயே நிற்கிறது. வித்தியாசம் அதுதான். எனவே சட்டி கூடாது. சன்னல் ஒரு சாண் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அடுப்பில் தணல் கிடக்கும்போது குழாயை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

வெடிப்பு பூச்சு: புற்று மண் 3, சாணி 1, உமி 1. நேற்றுப் பூசினது நிற்கிறது.

மார்கழி 13

ஐந்து நாளாகக் காலை மாலை எரிக்கிறேன். மேடையில் ஆவி எழுந்துகொண்டே இருந்தது. இன்று நின்றது. தலைமாட்டுப் பக்கம் காய்ந்துவிட்டது. கால்மாட்டில் இன்னும் ஈர வாசனை.

பெரிய விறகு வைத்தால் மந்தம். விரல் கனத்துக்குக் குச்சி, இரண்டு சாண் நீளம், செங்குத்தாக நிறுத்தினால் தானாக இறங்கி எரிகிறது.

மார்கழி 15

சடையனின் தாய் வந்தாள். மருமகளை வேறு வீட்டில் பெற விட மாட்டேன், குல வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வந்தவள். பின்னறைக்குக் கூட்டிப்போனேன். மேடையில் உட்கார வைத்தேன். மூட்டு வலிக்காரி. உட்கார்ந்தவள் எழவில்லை. பாக்கு போட்டாள். காட்டில் வாழும் சோழகன் ஒருவன் கதை, மாடு காணாமல் போன கதை, எல்லாம் சொன்னாள். சாயங்காலம் எழுந்து, பெறுவது அங்கே, பெற்றதும் இங்கே கொண்டுவரலாம் என்று முடித்துவிட்டாள்.

மார்கழி 18

நேற்று மத்தியானம் பொன்னிக்கு வலி. ஒரு மாதம் முன்னதாக. சாயங்காலத்துக்குள் ஆயிற்று. ஆண். சடையன் ஓடிவந்து கூப்பிட்டான். வைக்கோல் கொளுத்தி, அடுப்பு பற்றவைத்து, மேடை வெதுவெதுப்பு ஆனதும் சாக்குப் படுதா, அதன்மேல் என் பழைய சேலை நாலாக மடித்து விரித்தேன். பொன்னியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

குழந்தை என் முழங்கைக்கு மேல் நீளமில்லை. நகம் விரல் நுனிவரை வரவில்லை. அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். உள்ளங்கால் நீலம்.

பொன்னியின் மார்போடு சேர்த்துக் கட்டினேன். மேடைச் சூட்டை மணிக்கட்டால் பார்த்துப் பார்த்துக் குச்சி வைத்தேன்.

இன்று காலை உள்ளங்கால் சிவப்பு. பால் சப்பத் தெரியவில்லை. பாலாடையில் விட்டால் இறங்குகிறது.

மார்கழி 20

காற்று. சடையனின் தாய் காலையில் வந்ததும் சன்னலைச் சாத்தினாள். நான் திறந்தேன். மறுபடி சாத்தினாள். வாடைக் காற்று ஏறிக்கொள்ளும், நாலாம் நாள்தான் முந்தினது போனது, உனக்குப் பிள்ளை வளர்த்துத் தெரியுமா என்றாள். பொன்னி குழந்தையை அணைத்துக்கொண்டாள். சடையன் கதவோரம்.

நான் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"போன வருஷம் இதே ரூம்புல நான் மூடி வெச்சேங்க. தணல வெச்சி, கதவ சாத்தி. எம்பொண்ணு குளிர்ல சாவல. நான் மூடினதுல செத்துது."

சடையனின் தாய் எழுந்துபோய்ச் சன்னலை ஒரு சாண் திறந்து கல் வைத்தாள்.

திரும்பினால் சமையல்கட்டு வாசலில் அவர். எப்போது வந்தார் தெரியாது. தலைப்பாகைகூட அவிழ்க்கவில்லை. அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார்.

மார்கழி 22

அவர் சுற்றுக்குப் போய்விட்டார். முறை நாளை மறுநாள்தான். முன்னாலேயே கிளம்பிவிட்டார். ராகி மாவும் உப்பும் எடுத்துக்கொண்டார்.

குழந்தை ஆறாம் நாள். பாலாடை ஐந்து தரம். பொன்னி தூங்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்க தூங்குங்க என்று என்னிடம் சொன்னாள். தூங்கினேன்.

மார்கழி 23

ஏழாம் நாள். பொன்னி எட்டு மணிக்கு ஒரு பெரிய தட்டு சாமைச் சோறு தின்றாள். இன்னும் கேட்டாள்.

பீப்பாய் அடியில் ஒரு வெடிப்பு, விரல் நீளம். பூசினேன்.

மார்கழி 27

மார்பில் சப்பிவிட்டது. தானாக. பொன்னி சிரித்தாள், பிறகு வலிக்குது என்றாள். சடையன் வெளியே நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு விறகு பிளக்கப் போனான். ஒரு வண்டி விறகு பிளந்து அடுக்கியிருக்கிறான். நாளுக்கு இரண்டு கைதான் செலவாகிறது. பொங்கல் தாண்டியும் வரும்.

பதினோராம் நாள். சாயங்காலம் வரை பின்னறைக்குள் போகவில்லை. மாட்டுக்கொட்டகை பெருக்கினேன், மாடு இல்லை, இருந்தாலும் பெருக்கினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். வருகிறது.

மார்கழி 29

அவர் வந்தார். தாடி. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. குளித்தார், சாப்பிட்டார். ரேஞ்சர் தையில் வருகிறாராம். சுவர் ஓட்டைக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "பாத்துக்கலாம்" என்றார்.

தை 3

ரேஞ்சர் வந்தார். கம்பளிக் கோட்டு, அப்படியும் நடுக்கம். குழாயைப் பார்த்து என்ன இது என்றார். அவர் பின்னறைக்குக் கூட்டிப்போனார். பொன்னி எழுந்து ஒதுங்கி நின்றாள். ரேஞ்சர் மேடையைத் தொட்டுப் பார்த்தார், உட்கார்ந்தார், காப்பி கேட்டார். காப்பி இல்லை. வெல்லம் போட்ட சுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஓட்டையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. தன் பங்களாவுக்கும் ஒன்று கட்ட முடியுமா என்று அவரைக் கேட்டார்.

"நான் கட்டலைங்க. எம்பொண்டாட்டி கட்டினது" என்றார் அவர்.

தை 8

வெயில் வந்துவிட்டது. பொன்னி வீட்டுக்குப் போனாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் துணி மூட்டை கட்டினாள். கனம் ஏறியிருக்கிறது. கழுத்தில் ஒரு மடிப்பு. என் தோளில் பால் கக்கிற்று. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முற்றத்தில் நின்று திருப்பம் வரை பார்த்தேன்.

உள்ளே வந்தால் அவர் பின்னறையில் மேடைமேல். சுற்றுக்குப் போக வேண்டிய நேரம். செருப்பு போடவில்லை. சேலையை எடுத்து மடிக்கப் போனேன். உக்காரு என்றார். உட்கார்ந்தேன். மேடையில் இன்னும் சூடு.

தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கி நீ கதவ மட்டுந்தான் சாத்தின. நீ தூங்கின பிற்பாடு நான் வந்து பாத்தேன். சன்னல் தொறந்து கெடந்துது. குளிருமேன்னு, சாத்தினா சத்தத்துல நீ முழிச்சுக்குவேன்னு, கோணிய மடிச்சி அடைச்சது நானு. காலைல எல்லாம் கூடறதுக்கு முன்ன நாந்தான் அதைய எடுத்துட்டு சன்னல சாத்தி வெச்சேன். ஏன் எடுத்தேன்னு தெரியல."

தோளில் பால் வாசனை. அப்போதுதான் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன், நிற்கவில்லை. அவர் என்னைத் தொடவில்லை, எழுந்தும் போகவில்லை. பக்கத்திலேயே அழுதுகொண்டிருந்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி.

சமையல்கட்டில் கஞ்சி பொங்கி வழிந்து அடிப்பிடித்த வாசனை. யாரும் எழவில்லை.